கொள்ளிவாய்ப் பிசாசு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சதுப்பு நிலத்தில் இரவில் தோன்றும் தீயைப் பற்றி எங்கே பேச்செடுத்தாலும் சந்தேகங்கள் ஒன்றுபோலவே வருகின்றன. பாதிப் பேர் "எல்லாம் கட்டுக்கதை" என்கிறார்கள். மீதிப் பேர் "அது வெறும் வாயு" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். இரண்டு பதிலும் போதாது. கேட்டவர்கள் கேட்ட சொற்களிலேயே கேள்விகளைக் கீழே தொகுத்திருக்கிறோம்.

1. கொள்ளிவாய்ப் பிசாசுன்னா என்ன? மத்த பேய் மாதிரி இதுவும் ஒண்ணா?

கொள்ளி என்றால் எரிகிற கட்டை. வாயில் எரியும் கொள்ளியோடு அலைவது கொள்ளிவாய்ப் பிசாசு. சிதைக்குத் தீ மூட்டுவதையும் "கொள்ளி வைப்பது" என்றுதான் சொல்கிறோம். அதனால் சுடுகாட்டு நினைவும் இந்தப் பெயரோடு சேர்ந்தே வருகிறது. கந்த சஷ்டி கவசம் சொல்லும் வீடுகளில் "கொள்ளிவாய்ப் பேய்" என்ற பெயர் குழந்தைக்குக்கூடத் தெரியும்.

மற்ற பேய்களுக்கு உருவ அடையாளம் உண்டு: விரித்த கூந்தல், தரையில் படாத கால், வெள்ளைச் சேலை. கொள்ளிவாய்க்கு நெருப்பு மட்டும்தான் அடையாளம். அதன் கை கால் எப்படி இருக்கும் என்று கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். ஆனால் மூன்று விஷயங்களில் எல்லாக் கதையும் ஒத்துப்போகும். திடீரெனப் பற்றித் திடீரென அணையும். கிட்டப் போனால் விலகும். பின்தொடர்ந்தவன் சேற்றில் மாட்டுவான். இந்த மூன்றுமே நேரில் கண்டவர்களின் கவனிப்பு என்பதுதான் இந்தப் பக்கம் முழுவதும் வரப்போகும் செய்தி.

2. எந்த ஊர்ப் பக்கம் இந்தக் கதை அதிகம்?

தமிழ்நாட்டில் முதலில் சொல்ல வேண்டியது வேதாரண்யம் சதுப்பு. கோடியக்கரையிலிருந்து மேற்கே முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் பக்கம் வரை கடலை ஒட்டி ஏறத்தாழ 48 கி.மீ. நீளும் சேற்று நிலம் அது. பாமனியாறு, கோரையாறு, கிளைதாங்கியாறு எல்லாம் வண்டலைக் கொண்டுவந்து கொட்டுவது முத்துப்பேட்டைக் காயலில்தான். அங்கே அலையாத்திக் காடு, இலைச்சருகு, அசையாத நீர், ஆள் நடமாட்டமற்ற இருட்டு எல்லாம் ஒரே இடத்தில் சேர்கின்றன. ஆனால் இது கடலோரக் கதை மட்டும் அல்ல. பெரிய ஏரியும் கோரை மண்டிய தாங்கலும் இருக்கிற எந்த ஊரிலும் கேட்கலாம்.

வங்காளத்துச் சதுப்புகளில் இதற்கு ஆலேயா என்று பெயர். மீன்பிடிக்கப் போய் இறந்தவர்களின் ஆவி என்பார்கள். குஜராத்தில் கட்ச் பகுதியின் பன்னி என்ற புல்வெளியில் சிர் பத்தி என்கிறார்கள். ஒருவரை ஒருவர் பார்த்திராத மக்கள் ஒரே மாதிரித் தீயை ஒரே மாதிரி நிலத்தில் கண்டிருக்கிறார்கள்.

3. பொன்னியின் செல்வன்ல பூங்குழலி வந்தியத்தேவனுக்குக் காட்டுவாளே, அது நிஜமா, கல்கியோட கற்பனையா?

காட்சி கற்பனை, இடமும் நிகழ்வும் கற்பனை அல்ல. 1950 முதல் 1954 வரை தொடராக வந்த அந்தக் கதையில், கோடியக்கரைச் சேற்று நிலத்தில் குப்குப்பென்று தீ கிளம்பி அணைவதாக வருகிறது. கோடியக்கரைச் சேற்றில் அப்படித் தீ தோன்றும் என்பது பொருந்தாத பேச்சல்ல. கதையில் தீ பெரிதாகவும் அடிக்கடியும் எழும். உண்மையில் எவ்வளவு சிறியதாக இருக்கும் என்பதை எட்டாவது கேள்வியில் கணக்குப் போட்டுக் காட்டியிருக்கிறோம்.

4. அது மீத்தேன் வாயுன்னு ஸ்கூல்லயே சொல்லிட்டாங்களே. அதோட முடிஞ்சதுதானே?

எரிபொருள் மீத்தேன் என்பது சரி. நீருக்கடியில் அழுகும் இலை, வேர், கோரை ஆகியவற்றுக்குக் காற்று கிடைப்பதில்லை. சேற்றின் மேல் சில மில்லிமீட்டருக்குக் கீழேயே ஆக்சிஜன் தீர்ந்துவிடும். அங்கே வாழும் நுண்ணுயிர்கள் ஒன்றன் கழிவை இன்னொன்று உண்டு, கடைசியில் மீத்தேனையும் கரியமில வாயுவையும் விடுகின்றன. மாட்டின் இரைப்பையிலும், சாண எரிவாயுக் கலத்திலும், தண்ணீர் நிற்கும் நெல் வயலிலும் நடப்பது இதே வேலைதான்.

ஆனால் மீத்தேனுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை, தானாக எரியும் குணமும் இல்லை. காற்றில் 5 முதல் 15 விழுக்காடு வரை கலந்திருக்கும்போது மட்டும்தான் பற்றும். அதற்கும் 500 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு வேண்டும். ஆக, "மீத்தேன்" என்று சொல்வது விறகு எது என்பதற்கான பதில். தீக்குச்சி எது என்பது தனிக் கேள்வி. பள்ளியில் சொல்லாமல் விட்டது அதைத்தான்.

5. அப்போ ஆளே இல்லாத சதுப்புல யார் பத்த வைக்கிறாங்க?

மூன்று பதில்கள் உண்டு. மூன்றும் ஒரே உறுதியோடு சொல்லத்தக்கவை அல்ல.

முதலாவது, மனிதன் கொண்டுபோன தீ. ஓலைப் பந்தம் பிடித்து நண்டும் இறாலும் தேடியவர்கள் சேற்றைக் காலால் கலக்கிக்கொண்டே போவார்கள். கலக்கிய சேற்றிலிருந்து வாயு வரும், பந்தத்தில் பற்றும். 1783 நவம்பர் 5 அன்று அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் படைத்தலைவர் ஜார்ஜ் வாஷிங்டனும் எழுத்தாளர் தாமஸ் பெயினும் செய்து பார்த்தது இதைத்தான். படகில் போய், வீரர்களை விட்டு ஆற்றடிச் சேற்றைக் கழியால் கிளறச் சொல்லி, எரியும் காகிதத்தை நீருக்குச் சற்று மேலே பிடித்தார்கள். மேலே வந்த குமிழிகள் பற்றிக்கொண்டன. இந்த வழியில் சந்தேகமே இல்லை. ஆனால் ஆளில்லாத இடத்துத் தீயை இது விளக்காது.

இரண்டாவது, பாஸ்பீன். பாஸ்பரஸும் ஹைட்ரஜனும் சேர்ந்த வாயு அது. அதன் நெருங்கிய உறவான டைபாஸ்பேன் கொஞ்சம் கலந்திருந்தாலே காற்றுப் பட்டதும் தானாகப் பற்றும். பாடப்புத்தகங்களுக்குப் பிடித்த விடை இது. ஆனால் சதுப்புச் சேற்றில் அளந்து பார்த்தபோது பாஸ்பீன் மிக மிக நுண்ணிய அளவில்தான் இருக்கிறது. தீ மூட்ட அந்த அளவு போதாது.

மூன்றாவது புதியது. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் ஜேர் குழுவினர் மீத்தேனும் காற்றும் கலந்த மிகச் சிறிய குமிழிகளை நீருக்குள் செலுத்தி, அதிவேகக் கேமராவால் பார்த்து 2025-இல் முடிவை வெளியிட்டார்கள். எதிரெதிர் மின்னூட்டம் கொண்ட குமிழிகள் நெருங்கும்போது அவற்றுக்கிடையே நுண்ணிய மின்பொறி தெறிக்கிறது. சாதாரண வெப்பநிலையிலேயே மீத்தேன் வினைபுரியத் தொடங்குகிறது. தீக்குச்சி நீருக்குள்ளேயே இருக்கலாம் என்று காட்டியது பெரிய விஷயம். ஆனால் அது ஆய்வகத்தில், கருவிக்குழாய் வழியே விட்ட குமிழி. இரவுச் சதுப்பில் யாரும் அதைப் படம் பிடிக்கும்வரை, இதை "நல்ல சாத்தியம்" என்று மட்டும் சொல்வதே நியாயம்.

6. சுடுகாட்டுல எலும்புல இருக்கிற பாஸ்பரஸ் எரியுதுன்னு சொல்றாங்களே?

எலும்பில் பாஸ்பரஸ் இருக்கிறது, ஆனால் கால்சியம் பாஸ்பேட்டாக. தீப்பெட்டித் தொழிலுக்காக எலும்புச் சாம்பலிலிருந்து பாஸ்பரஸ் எடுத்த காலத்தில், அதைக் கரியோடு சேர்த்து உலையில் கடுமையாகச் சூடேற்ற வேண்டியிருந்தது. மண்ணுக்குள் கிடக்கும் எலும்பு தானாக அப்படி மாறாது. சுடுகாட்டில் இரவில் தெரியும் வெளிச்சம் பெரும்பாலும் முழுதும் அவியாத சிதைக் கங்குதான். காற்றடித்தால் அது மீண்டும் சிவக்கும்.

இதோடு ஒரு எச்சரிக்கை. "பாஸ்பீன் செஞ்சு காட்டறேன்" என்று தானியக் கிடங்கில் போடும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையை யாரும் தொடக்கூடாது. ஈரம் பட்டாலே வாயு கிளம்பும்; மூடிய அறையில் குடும்பத்தோடு உயிர் போகும். அதற்கு மாற்று மருந்தும் கிடையாது.

7. கிட்டப் போனா ஏன் விலகி ஓடுது? அதுக்கு உயிர் இருக்கிற மாதிரியே இருக்கே?

ஓடுவதற்கு முதல் காரணம் நீங்கள்தான். மெல்லிய வாயுப் படலத்தின் மேல் மிதக்கும் சுடர் அது. நடக்கும்போது உடம்பு முன்னால் காற்றைத் தள்ளுகிறது, மூச்சும் சேர்ந்து தள்ளுகிறது. சுடர் அந்தப் பக்கமே சாயும், அல்லது அணைந்து அடுத்த குமிழியில் பற்றும். பிளெசன் என்ற பிரஷ்ய ராணுவ மேஜர் இதைப் பொறுமையாகச் சோதித்து 1830-களில் எழுதியிருக்கிறார். பகலில் குமிழி வரும் இடத்தை அடையாளம் வைத்துக்கொண்டு, இரவில் அதே இடத்தில் நீலமும் ஊதாவும் கலந்த சுடர்களைக் கண்டார். நெருங்கினால் விலகின. அசையாமல் நின்று முகத்தைத் திருப்பி மூச்சை அடக்கியபோது திரும்பி வந்தன. கடைசியில் ஒரு மெல்லிய காகிதக் கீற்றை அதில் பற்றவும் வைத்தார். தண்ணொளி அல்ல, சுடும் நெருப்புத்தான் என்பதற்கு அது சாட்சி.

இரண்டாவது காரணம் கண். கும்மிருட்டில் தனியாக இருக்கும் ஒரு புள்ளி வெளிச்சத்தைச் சில விநாடி உற்றுப் பார்த்தால், அது அசையாமல் இருந்தாலும் அசைவதுபோலத் தோன்றும். பக்கத்தில் மரமோ வீடோ இல்லாததால் தொலைவையும் மதிப்பிட முடியாது. நூறடி தள்ளி இருக்கும் சிறு சுடரும் ஒரு கல் தொலைவில் இருக்கும் பெரிய விளக்கும் ஒன்றுபோலத் தெரியும். தொலைவில் இருப்பதைத் துரத்தினால் அது விலகுவதாகத்தான் படும்.

8. எவ்வளவு பெருசா, எவ்வளவு நேரம் எரியும்?

ஒரு மெழுகுவர்த்திச் சுடரின் திறன் ஏறத்தாழ 80 வாட். ஒரு லிட்டர் மீத்தேன் எரிந்தால் சுமார் 35 கிலோஜூல் வெப்பம் வரும். ஆக, மெழுகுவர்த்தி அளவு எரியவே நிமிடத்துக்கு 130, 140 மி.லி. தூய மீத்தேன் வேண்டும். சதுப்பு வாயுவில் கரியமில வாயுவும் நைட்ரஜனும் கலந்திருப்பதால் 200 மி.லி.க்கு மேல் தேவை. ஒரு சென்டிமீட்டர் குறுக்களவுள்ள குமிழி அரை மி.லி.தான் பிடிக்கும். நிமிடத்துக்கு நானூறு குமிழி ஒரே இடத்தில் வந்தால்தான் ஒரு மெழுகுவர்த்தி!

அதனால் நின்று எரியும் தீ அரிது. சேற்றுக்குள் தேங்கிய வாயு மொத்தமாகப் பிய்த்துக்கொண்டு வரும்போது சில நொடிக்குக் குப்பென்று எரிந்து அணைவதே இயல்பு. "பத்துச்சு, அணைஞ்சுச்சு, தள்ளிப் போய்ப் பத்துச்சு" என்று பெரியவர்கள் சொல்வது இந்தக் கணக்கோடு பொருந்துகிறது. மாறாக, "அரைமணி நேரம் ஒரே இடத்துல பனை உசரம் எரிஞ்சுது" என்றால் வேறு காரணத்தைத் தேட வேண்டும்.

9. கடலோரச் சதுப்புல அதிகமா, ஏரிக்கரையில அதிகமா?

பலர் கடலோரம் என்றுதான் நினைக்கிறார்கள். வேதியியல் மாற்றிச் சொல்கிறது. ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 2.7 கிராம் சல்பேட் இருக்கிறது. சல்பேட்டை உண்ணும் நுண்ணுயிர்கள் மீத்தேன் உண்டாக்குபவற்றின் தீனியை முதலில் பறித்துக்கொண்டு, அழுகிய முட்டை நாற்றமுள்ள ஹைட்ரஜன் சல்பைடை விடுகின்றன. உப்புச் சேற்றின் மேல் அடுக்கில் மீத்தேன் குறைவாக இருப்பதற்கு இதுவே காரணம். சல்பேட் தீர்ந்த ஆழத்தில்தான் அது பெருகும்.

நன்னீர் ஏரி, தாங்கல், ஆறு கடலில் சேரும் இடத்து உவர்நீர்ப் பகுதி ஆகியவற்றில் இந்தத் தடை இல்லை அல்லது குறைவு. வேதாரண்யத்துச் சதுப்பிலும் காவிரிக் கிளைகளின் வெள்ளம் உப்பைக் கழுவிய பகுதிகளே மீத்தேனுக்கு ஏற்றவை. சாக்கடையும் குப்பைக்கிடங்கும் சேர்ந்த நகரத்துச் சதுப்பு இன்னொரு வகை. பெருங்குடிக் கிடங்கை ஒட்டிய பள்ளிக்கரணையில் வரும் மீத்தேனில் குப்பையின் பங்கும் உண்டு.

10. எந்த மாசத்துல, எந்த நேரத்துல தெரியும்?

சேறு சூடேற ஏற வாயு உற்பத்தி கூடும். நீர்மட்டம் இறங்கும்போதும் காற்றழுத்தம் குறையும்போதும் சேற்றுக்குள் அடைபட்ட குமிழிகள் விடுபடும். வடகிழக்குப் பருவமழை முடிந்து, தேங்கிய நீர் வடிந்து, வெயில் ஏறத் தொடங்கும் மாசி, பங்குனி இதற்கு வாகானது. புயல் சின்னத்துக்கு முந்தைய புழுக்கமான, காற்றே இல்லாத இரவும் அப்படித்தான். காற்றடித்தால் மீத்தேன் 5 விழுக்காட்டுக்குக் கீழே கலைந்துவிடும், பற்றாது.

நீலச் சுடருக்கு ஒளி மிகக் குறைவு. அமாவாசையை ஒட்டிய இருட்டில்தான் கண்ணுக்குப் படும். அமாவாசையில் பேய் நடமாடும் என்ற சொல்லின் ஒரு பாதி இங்கே இருக்கிறது.

11. பசங்களுக்குச் செஞ்சு காட்ட முடியுமா?

முடியும். 1776-இல் இத்தாலியின் மஜ்ஜோரே ஏரிக்கரையில் விஞ்ஞானி வோல்டா கோலால் சேற்றைக் கிளறி வாயு சேர்த்த அதே வழிதான். பெரியவர் ஒருவர் கூட இருக்க வேண்டும். வேண்டியவை: மூடி இறுக்கமாக உள்ள 1 லிட்டர் பிளாஸ்டிக் பாட்டில் ஒன்று, பாட்டிலைவிட ஆழமான 20 லிட்டர் வாளி, ஐந்தடிக் கழி, கேஸ் அடுப்புக்கான நீளமான லைட்டர் (சுடர் வருவது, வெறும் பொறி மட்டும் தெறிப்பது வேண்டாம்).

பாட்டிலின் அடியை வெட்டி எடுங்கள். கருப்புச் சேறும் சருகும் உள்ள குட்டையில், முழங்காலுக்கு மேல் ஆழம் இல்லாத கரையோரமாகப் பகலில் போங்கள். மூடியைக் கழற்றிய பாட்டிலை, வாய் மேலே இருக்கும்படி நீருக்குள் அழுத்துங்கள். கழுத்துவரை நீர் நிரம்பி ஒரு குமிழி காற்றும் இல்லை என்றானதும் மூடியை இறுக்குங்கள். பாட்டிலைச் சற்று உயர்த்தி, வெட்டிய அடிப்பகுதி நீருக்குள்ளேயே இருக்குமாறு பிடித்து, அதன் நேர்கீழே சேற்றைக் கழியால் குத்துங்கள். குமிழிகள் உள்ளே ஏறும். 600 மி.லி. வரை சேர்ந்ததும் நீருக்கடியிலேயே வாளியை நுழைத்து, பாட்டிலோடும் நீரோடும் தூக்கிவிடுங்கள்.

எரிப்பது மாலையில், திறந்த வெளியில். பாட்டிலை வாளி நீரில் நிறுத்தி, மூடியைக் கழற்றிய உடனே லைட்டர் சுடரை வாயருகே பிடித்து, பாட்டிலைச் சீராகக் கீழே அழுத்திக்கொண்டே போங்கள். கீழிருந்து ஏறும் நீர் வாயுவை வெளியே தள்ளும், வாயில் வெளிர்நீலச் சுடர் நிற்கும். பாதியில் நிறுத்தவோ பாட்டிலை மேலே தூக்கவோ கூடாது. தூக்கினால் வெளிக்காற்று உள்ளே இழுபட்டு, நான்காவது பதிலில் சொன்ன 5–15 விழுக்காட்டுக் கலவை உருவாகி, சுடர் உள்ளே பாய்ந்து "பட்"டென்று வெடிக்கும். முகத்தை விலக்கியே வைத்திருங்கள். மூடிய கண்ணாடிப் பாட்டிலில் இதை முயலவே வேண்டாம்.

12. அதே மாதிரி செஞ்சோம். பத்தவே இல்லையே, ஏன்?

பெரும்பாலும் நான்கில் ஒன்று. தொடக்கத்தில் பாட்டிலுக்குள் காற்று மிச்சம் இருந்திருக்கும். அல்லது மூடியைக் கழற்றிவிட்டு லைட்டரைத் தேடியிருப்பீர்கள். மீத்தேன் காற்றைவிட இலேசானது, ஏறத்தாழ பாதி எடை, திறந்த வாய் வழியே சில நொடியில் ஏறிப் போய்விடும். அல்லது ஊதுபத்தி நுனியால் முயன்றிருப்பீர்கள். வெறும் கங்கு பொதுவாக மீத்தேனைப் பற்றவைக்காது, சுடர் வேண்டும். அல்லது பகல் வெளிச்சத்தில் பற்றியது கண்ணுக்கே தெரிந்திருக்காது. சுடருக்கு மேலே ஒரு காய்ந்த புல்லைப் பிடித்துப் பாருங்கள்.

இவை எதுவும் இல்லையென்றால் கரியமில வாயு அதிகம். வெற்றிலைச் சுண்ணாம்பு ஒரு கரண்டியை ஒரு லிட்டர் நீரில் கலக்கி, இரவு முழுதும் தெளியவிட்டு, மேல்நீரை மட்டும் இறுத்து வையுங்கள். வாயு சேர்த்த பாட்டிலை அந்தத் தெளிநீரில் நிறுத்தினால் நீர் வெண்மையாகும், வாயுவின் அளவு மெல்லக் குறையும். மிஞ்சுவது எளிதாக எரியும். (சுண்ணாம்பு நீர் கண்ணில் தெறிக்கக் கூடாது.)

13. அந்த நாத்தம் உடம்புக்குக் கெடுதலா?

நாற்றம் மீத்தேனுடையது அல்ல. ஒன்பதாவது பதிலில் வந்த ஹைட்ரஜன் சல்பைடுடையது. திறந்த சதுப்பில் காற்றில் கலைந்துவிடுவதால் பெரும்பாலும் தலைவலியோடு போகும். ஆபத்து குழியில். அது காற்றைவிடக் கனமானது, பள்ளத்தில் தங்கும். செறிவு கூடினால் மூக்கையே மரக்க வைத்துவிடும். "நாத்தம் போயிடுச்சு" என்று நினைக்கும் நேரம்தான் உயிருக்கு ஆபத்தான நேரம். பாழுங்கிணறு, கழிவுநீர்த் தொட்டி எதிலும் இறங்காதீர்கள். மயங்கி விழுந்தவரைத் தூக்க அடுத்தவரும் இறங்கக் கூடாது.

14. நான் ஒரு வெளிச்சம் பார்த்தேன். அது கொள்ளிவாய்தானான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?

நிறத்தையும் கால அளவையும் முதலில் பாருங்கள். மஞ்சளாக, சீராக, மெல்ல நகர்ந்தால் நண்டு பிடிப்பவரின் நெற்றி டார்ச் அல்லது பெட்ரோமாக்ஸ். பச்சை கலந்த மஞ்சளில் விட்டுவிட்டு மின்னி, செடி உயரத்தில் பறந்தால் மின்மினி. இரண்டு புள்ளிகள் ஜோடியாக, உங்கள் டார்ச் அடிக்கும்போது மட்டும் மின்னினால் விலங்கின் கண். மாடு, நரி, மான் எல்லாவற்றுக்கும் விழிக்குப் பின்னால் ஒளியைத் திருப்பும் படலம் உண்டு. கோடியக்கரையில் காட்டுக்குதிரைகளும் திரிகின்றன என்பதால் ஆள் உயரத்தில் இரு கண் மின்னுவதில் வியப்பே இல்லை.

நீரைக் கலக்கிய இடமெல்லாம் நீலமாக ஒளிர்ந்தால் அது நாக்டிலூகா என்ற நுண்ணுயிர். 2019 ஆகஸ்டில் சென்னைக் கிழக்குக் கடற்கரையில் அலைகள் நீலமாக மின்னியது அதனால்தான். மழைக்காலக் காட்டில் உளுத்த மரம் பச்சையாக, அணையாமல் ஒளிர்ந்தால் பூஞ்சை. இவை எதிலும் சூடு இல்லை. கொள்ளிவாய்த் தீ நீலமாக, சில நொடியே, நீரை ஒட்டி, காற்றில்லாத இரவில் தோன்றும்.

15. டெல்டாவுல மீத்தேன் திட்டம் வேண்டாம்னு போராடினோமே, அந்த மீத்தேனும் இதுவும் ஒண்ணா?

மூலக்கூறு ஒன்று, பிறப்பிடம் வேறு. மன்னார்குடிப் பகுதியில் எடுக்க நினைத்தது பல நூறு மீட்டர் ஆழத்தில் நிலக்கரிப் படுகையில் கோடிக்கணக்கான ஆண்டுகளாக அடைபட்ட வாயு. அதை எடுக்க நிலத்தடி நீரை இறைத்து அழுத்தத்தைக் குறைக்க வேண்டும். விவசாயிகளின் அச்சம் அங்கேதான் இருந்தது. 2020-இல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்ததற்குப் பின்னணியும் அந்தப் போராட்டங்களே. கொள்ளிவாய்க்கு எரிபொருள் தருவதோ மேல் சேற்றில், அண்மைக்கால இலைதழையில் உண்டானது. "ஊரில் கொள்ளிவாய் தெரியுது, அடியில் பெட்ரோல் இருக்கு" என்ற பேச்சுக்கு ஆதாரம் இல்லை.

16. சேத்துல இழுத்துப் புதைச்சிடும்ங்கறாங்களே, அதுவும் வாயுவா?

புதைப்பது சேறு. ஆனால் ஆளை முழுதாக விழுங்காது. உளைச்சேறு மனித உடலைவிட அடர்த்தியானது, இடுப்பளவில் பெரும்பாலும் நின்றுவிடும். கொல்வது மற்றவை: ஏறிவரும் ஓதநீர், களைப்பு, பதற்றம், உதவிக்கு ஆள் இல்லாத தொலைவு.

மாட்டிக்கொண்டால் ஒரு காலை ஊன்றி மறுகாலை இழுக்காதீர்கள், ஊன்றிய கால் இன்னும் இறங்கும். பையைத் தூக்கி எறிந்துவிட்டு மெல்ல மல்லாந்து சாய்ந்து கைகளை விரியுங்கள். எடை பரவும். மாட்டிய காலைச் சிறிது சிறிதாக ஆட்டினால் காலைச் சுற்றி நீர் இறங்கிப் பிடி தளரும். விடுபட்டதும் எழுந்து நிற்காமல், வந்த தடத்திலேயே உருண்டோ தவழ்ந்தோ திரும்புங்கள். கரையில் இருப்பவர் கயிறு கட்டி வெடுக்கென இழுக்கக் கூடாது, மூட்டு பிசகும். பலகையோ தென்னை மட்டையோ போட்டுக் கொடுப்பது நல்லது. அலையாத்திக் காட்டில் தில்லை மரக்கிளையை ஒடித்துப் பிடிக்காதீர்கள், அதன் பால் கண்ணில் பட்டால் கடுமையாக எரியும், பார்வைக்கே கேடு.

"வெளிச்சத்தைப் பார்த்துப் போகாதே, வழி தப்பும்" என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்த ஊர், இந்தச் சேற்றைத்தான் மனத்தில் வைத்திருந்தது. குமிழி அதிகம் வரும் இடம் இளகிய சேறு உள்ள இடம். பிசாசு நிற்கும் இடத்தில் கால் வைக்காதே என்பது அப்படியே சரியான வழிகாட்டல்.

17. இப்பல்லாம் யாருமே பார்க்கிறதில்லையே. பேய் எங்க போச்சு?

சதுப்பின் பரப்பு சுருங்கிவிட்டது. உப்பளமும் இறால் பண்ணையும் வந்த இடத்தில் இலை அழுகுவதில்லை. இருட்டும் சுருங்கிவிட்டது. எல்.இ.டி. தெருவிளக்கு அடித்த கண்ணுக்கு எட்டாவது பதிலில் சொன்ன அளவுச் சுடர் தெரியாது. கண் இருட்டுக்குப் பழக இருபது, முப்பது நிமிடம் வேண்டும். இரவில் அந்த வழியே நடந்தே போகும் ஆளும் இல்லை. வண்டி முகப்புவிளக்கோடு போகிறவர் எதையும் பார்க்கப் போவதில்லை.

18. அப்போ எங்க தாத்தா பார்த்தேன்னு சொன்னது பொய்யா? பேய் இல்லைன்னு நிரூபிச்சாச்சா?

பார்த்தது பொய் இல்லை. அதற்கு வைத்த பெயர்தான் பிசாசு. ஐந்தாவது பதிலில் உள்ளபடி தீப்பொறிக்கே இன்னும் முழு விடை கிடைக்காதபோது, நேரில் கண்டவரின் சொல் விலைமதிப்புள்ளது. அவர் இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள்.

"பயந்தீங்களா?" என்று மட்டும் கேட்டு முடித்துவிடாதீர்கள். எந்த மாதம், நிலா இருந்ததா, மழை பெய்து எத்தனை நாள், காற்று அடித்ததா, தண்ணீர் எவ்வளவு நின்றது, தீ என்ன நிறம், தரையிலிருந்து எத்தனை சாண் உயரம், எத்தனை எண்ணுவதற்குள் அணைந்தது, சத்தமோ மணமோ இருந்ததா, கையில் பந்தமோ விளக்கோ வைத்திருந்தாரா என்று கேளுங்கள். கடைசிக் கேள்விதான் முக்கியமானது. கையில் நெருப்பே இல்லாதவர் கண்ட நீலச் சுடர் என்றால், அந்த இடத்தை வரைபடத்தில் குறித்து வையுங்கள்.

19. கோடியக்கரைக்குப் போய் ராத்திரி தங்கிப் பார்க்கலாமா?

கோடியக்கரை வனவிலங்கு, பறவைகள் சரணாலயம் 2002 முதல் ராம்சார் என்ற உலக ஈரநிலப் பட்டியலில் உள்ள இடம். சரணாலயத்துக்குள் இரவில் வனத்துறை அனுமதி இல்லாமல் நுழைவது குற்றம். அலையாத்திக் காட்டுக்கும் முத்துப்பேட்டையில் அனுமதியும் படகும் வேண்டும்.

உள்ளூர் ஏரியிலேயே தொடங்குவது நல்லது. பகலில் போய்க் குமிழி வரும் இடங்களைக் கரையிலிருந்தே குறித்துக்கொள்ளுங்கள். பத்தாவது பதிலில் சொன்ன மாதத்தில், காற்றில்லாத அமாவாசை இரவில், மூன்று பேருக்குக் குறையாமல் கரைமேல் உட்காருங்கள். செல்பேசியை அணைத்துவிட்டு அரைமணி நேரம் கண்ணைப் பழக்குங்கள். கேமராவை முக்காலியில் நிறுத்தி, தொடர்ச்சியாக நீண்ட ஒளிபதிவுகள் எடுக்க விடுங்கள். எதுவும் தெரியாமல் திரும்பும் இரவுகளே அதிகம். அந்தத் தேதிகளையும் குறிப்பேட்டில் எழுதுங்கள். வெளிச்சம் தெரிந்தால் கரையை விட்டு இறங்க வேண்டாம்.